தேடுசொல்லும் தேடிவரும் பொருளும்
(தமிழ் வலைப்பூ எழுதுவோர்க்கு ஒரு பாடம்)

முன்னுரை

தமிழ் பயின்றால் பிழைக்க வழி உண்டா என்னும் வினா, தமிழ்த்துறையில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர் வாய்விட்டும், சிலர் மனத்துள்ளும் கேட்கும் வினாவாகும். ஆசிரியப் பணி, இதழியல், மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வுகள் என்று நாம் விடை கூறி வந்துள்ளோம். அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. இணையத்தில் தமிழில் எழுதி, அப்பக்கங்களில் இடம்பெறும் விளம்பரங்களால் பொருள் ஈட்டுவது அது. இதனைப் பற்றி மாணவரிடையே மிகையான நம்பிக்கையும் உண்டு. முதியோரிடையே மிகையான ஐயமும் உண்டு. இரண்டிற்கும் இடைப்பட்ட உண்மை யாது என்பதையும், அத்தொழிலுக்கு உயிர்நாடியான ‘தேடுசொல்’ என்பதைத் தமிழ் மாணவர் எங்ஙனம் கையாள வேண்டும் என்பதையும் சேலம், நாமக்கல் வட்டாரச் சான்றுகளுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலைப்பூவும் விளம்பரமும்: ஒரு சுருக்க வரலாறு

பிளாக்கர் என்னும் வலைப்பூச் சேவை 1999இல் தொடங்கப்பெற்றது. 2003இல் கூகுள் நிறுவனம் அதனைத் தன்வயமாக்கிக் கொண்டது. பிறர் பக்கங்களில் விளம்பரம் இட்டு, வருவாயைப் பக்க உரிமையாளருடன் பகிர்ந்துகொள்ளும் ஆட்சென்ஸ் திட்டமும் அதே 2003ஆம் ஆண்டில்தான் தோன்றியது. தமிழில் வலைப்பூக்கள் மலரத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலமே. 2004இல் தோன்றிய ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி, சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிப் பல்லாண்டுகள் பணியாற்றியது.

எனினும் தமிழ்ப் பதிவர்க்கு நெடுங்காலம் விளம்பர வருவாய் முறையாகக் கிட்டவில்லை. ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பெறாமையே காரணம். இந்தி 2014இலும், வங்காளம் 2017இலும், தமிழ் 2018இலும் அப்பட்டியலில் சேர்க்கப்பெற்றன. திட்டம் பிறந்து பதினைந்தாண்டுகள் கழிந்த பின்னரே தமிழ்ப்பக்கத்திற்கு அக்கதவு திறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு முன்பு பல்லாயிரம் பக்கங்கள் எழுதியோர் தமிழின்மீது கொண்ட பற்றினாலேயே எழுதினர் எனலாம்.

தேடுபொறி இயங்கும் முறை

தேடுபொறியின் பணி மூன்று படிகளில் நிகழ்கின்றது. முதலாவது, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புகளின் வழியே சென்று உலகப் பக்கங்களைத் திரட்டுதல். இரண்டாவது, திரட்டியவற்றில் எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று அடைவு அமைத்தல். மூன்றாவது, ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடும்பொழுது, அடைவிலுள்ள பக்கங்களுள் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுதல்.

இவற்றுள் இரண்டாம் படி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியங்களுக்கு நாம் பயன்படுத்தும் சொல்லடைவு யாது செய்கின்றதோ அதனையே தேடுபொறியும் செய்கின்றது. சொல்லைக் கூறினால் அது வரும் இடத்தைக் காட்டுகின்றது. வேறுபாடு அளவிலும் விரைவிலும் மட்டுமே.

மூன்றாம் படியே கூகுளைத் தனித்து நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும், ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை அதன் மதிப்பிற்குச் சான்றாகக் கொள்ளும் முறையினை வகுத்தனர். 1998இல் அவர்தம் நிறுவனம் தோன்றியது. சான்றோர் ஒருவரைச் சுட்டினால் அவர் பெருமை உயர்வதைப் போன்றது இம்முறை. இன்று இணைப்பு மட்டுமன்றிப் பல நூறு கூறுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஆயினும் தேடுவோர் இட்ட சொல்லுக்கும் பக்கத்தின் பொருளுக்கும் உள்ள பொருத்தமே இன்றும் அடிப்படையாகும்.

தேடுசொல் என்பது யாது?

ஒருவர் தம் தேவையைத் தேடுபொறிக்குக் கூறும் சொல்லோ தொடரோ தேடுசொல் எனப்படும். அது எழுதுவோனின் சொல் அன்று, தேடுவோனின் சொல். இவ்வொன்றை உணராமையால் வீழ்ந்த வலைப்பூக்கள் பல. நாம் ‘ஆழ்துளைக் கிணறு’ என்று எழுதுகின்றோம். திருச்செங்கோட்டு வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர் ‘போர் போட எவ்வளவு ஆகும்’ என்று தேடுகின்றார். இருவரும் ஒரே பொருளையே நாடினும் ஒருவரையொருவர் காணாமல் பிரிகின்றனர்.

தேடலை மூவகையாக ஆண்ட்ரே பிராடர் என்னும் அறிஞர் 2002இல் பகுத்துக் காட்டினார். ஒன்றை அறிந்துகொள்ளத் தேடுதல், ஓர் இடத்தைச் சென்று சேரத் தேடுதல், ஒரு செயலை முடிக்கத் தேடுதல் என்பன அவை. ‘சவ்வரிசி எதிலிருந்து செய்கிறார்கள்’ என்பது முதல் வகை. ‘பெரியார் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு’ என்பது இரண்டாம் வகை. அவர் பல்கலைக்கழகத்தின் பக்கத்திற்கே செல்ல விரும்புகின்றாரேயன்றி நம் பக்கத்திற்கன்று. ‘சேலம் வெள்ளிக் கொலுசு வாங்க’ என்பது மூன்றாம் வகை. வலைப்பூ எழுதுவோர்க்குரிய களம் பெரும்பாலும் முதல் வகையே.

சொல்வகை நான்கும் தேடலும்

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். அவர் கண்டது செய்யுளுக்கு. ஆயினும் தேடுசொல்லை ஆராய இப்பகுப்பு நமக்குக் கைவிளக்காக உதவுகின்றது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பெரும் பயிர்களுள் ஒன்றான மரவள்ளியைச் சான்றாகக் கொள்வோம். இரண்டாம் உலகப் போரினால் மலாயாச் சவ்வரிசியின் வரத்துக் குன்றியபொழுது, 1943ஐ ஒட்டிச் சேலத்தில் இக்கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்துணைப் புகழ் வாய்ந்த பயிரின் பெயர் யாது? நூல்களில் மரவள்ளி, நம் கொங்கு வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு, குமரி மாவட்டத்தில் மரச்சீனி, கப்பை என்பாரும் உளர், சிலர்க்கு ஏழிலைக்கிழங்கு. அதன் மாவில் செய்யும் பொருள் சவ்வரிசி, ஜவ்வரிசி என இருவாறு எழுதப்படுகின்றது. மரவள்ளி இயற்சொல் போல எங்கும் வழங்குகின்றது. குச்சிக்கிழங்கும் மரச்சீனியும் திசைச்சொற்கள் போல்வன. ‘டேப்பியோகா’ என்று தேடுவோர் பிறமொழிச் சொல்லால் தேடுகின்றனர்.

திரிசொல்லை விளக்குமிடத்து, ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வருவதையும், பல பொருளுக்கு ஒரு சொல் வருவதையும் தொல்காப்பியர் சுட்டுகின்றார். தேடுபொறி வல்லுநர் இன்று எதிர்கொள்ளும் இரு பெரும் இடர்ப்பாடுகளும் இவையே. மேற்கண்ட கிழங்கு முதலாவதற்குச் சான்று. ‘மாலை’ இரண்டாவதற்குச் சான்று. அது பொழுதா, பூந்தொடையா? ‘திங்கள்’ என்பது நிலவா, மாதமா, கிழமையா? இதனை நீக்க வேண்டுமெனில் தனிச்சொல்லை விடுத்துத் தொடராக எழுத வேண்டும். ‘திருமண மாலை’ என்றால் ஐயம் அகலும்.

நம் முன்னோர் இதற்கெனவே நூல் செய்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளின் பல பெயர்களைத் தொகுத்தன. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களால் சொல்லைத் தேட வழி செய்தது. ஒரு பொருளை எழுதத் தொடங்குமுன் அதன் பெயர்களையெல்லாம் பட்டியலிடும் பயிற்சிக்கு இன்றைய வணிகர் புதுப்பெயர் இட்டுள்ளனர், செயல் பழையதே.

எழுத்து மாறினால் சொல்லும் மறையும்

தமிழ் எழுத்து 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பல்வேறு எழுத்துரு முறைகள் வழங்கின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் சீர்செய்ய முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. பழைய எழுத்துருக்களில் எழுதப்பெற்ற பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளாகவே இருந்தன.

இன்றும் இவ்விடர் முற்றிலும் நீங்கவில்லை. ‘க’ என்னும் எழுத்திற்கு மாறாகத் தமிழ் எண் ஒன்றாகிய ‘௧’, ‘எ’ என்பதற்கு மாறாக எண் ஏழாகிய ‘௭’ சில பக்கங்களில் புகுந்துவிடுகின்றன. துணைக்காலுக்கு மாறாக ‘ர’ எழுதுவாரும் உளர். படிப்பவர் கண் பொறுத்துக் கொள்ளும். கணினி அவற்றை வேறு எழுத்தாகவே கொள்ளும். மெய்ப்புத் திருத்தும் பழக்கமுள்ள தமிழ் மாணவர்க்கு இங்கே ஒரு நன்மை இயல்பாகவே அமைகின்றது.

எழுத்து மாற்றத்தின் மற்றொரு வகை, தமிழை உரோமன் எழுத்தில் எழுதித் தேடுதல். இதனைக் கண்டு வருந்துவோர் பலர். ஒரு மொழியைப் பிறிதோர் எழுத்தில் எழுதும் வழக்கம் நமக்கு முன்பே அறிமுகமானது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள், அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கெனச் சில அடையாளங்களைச் சேர்த்து அரபுத்தமிழை வளர்த்தனர். அதில் நூல்கள் பல எழுந்தன, அச்சும் ஏறின. ஆனால் அங்கே ஒழுங்கான எழுத்து முறை ஒன்று இருந்தது. இங்கே அஃது இல்லை. அவரவர் செவிக்கேற்ப எழுதுவதால் ஒரு சொல் பத்து வடிவம் கொள்கின்றது.

தமிழ் எழுத்திலேயே இத்தகைய வேறுபாடு உண்டு. நோன்பு மாதத்தின் பெயரை ரமலான், ரமளான், ரமழான், ரம்ஜான் என நால்வகையாக எழுதுகின்றோம். எந்த வடிவம் சரி என்பது ஆய்வுக்குரியது. எந்த வடிவத்தால் மக்கள் தேடுகின்றனர் என்பது கணக்கிற்குரியது. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது. அன்றியும், ‘நோன்புக் கஞ்சி செய்முறை’ போன்ற தேடல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இராது. அம்மாதம் நெருங்குகையில் பெருகி, பெருநாளோடு தணியும். எனவே அதனைப் பற்றிய பக்கம் சில வாரங்களுக்கு முன்னரே எழுதப்பெற்று அடைவில் சேர்ந்திருத்தல் வேண்டும். கூகுள் டிரெண்ட்ஸ் என்னும் இலவசக் கருவி இவ்வேற்ற இறக்கத்தைக் காட்டும். அது காட்டுவது தேடலின் எண்ணிக்கையன்று. நூற்றை உச்சமாகக் கொண்ட ஒப்பீடே என்பதை மறத்தல் ஆகாது.

பிழையாகத் தேடுவார்க்குப் பிழையாக எழுதலாமா?

தமிழ்த்துறை மாணவர் தவறாது எழுப்பும் வினா இது. ‘மரவள்ளிக் கிழங்கு’ என்று ஒற்று மிகுந்து எழுதுவதே முறை. தேடுவோருள் பலர் ஒற்றின்றியே எழுதுகின்றனர். வருவாயின் பொருட்டு இலக்கணத்தை விடலாமா?

விட வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. இன்றைய தேடுபொறி சொல்லை எழுத்தெழுத்தாக மட்டும் ஒப்பிடுவதன்று. ஒற்றின் மிகையையும் குறையையும், வேற்றுமையுருபு ஏறிய வடிவங்களையும், சில எழுத்துப் பிழைகளையும் அது பெரும்பாலும் இனங்கண்டு கொள்கின்றது. எனவே பிழை வடிவங்களை வலிந்து புகுத்துவது வீண். ஆனால் வட்டார வழக்கு பிழையன்று. ‘நம் பகுதியில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி’ என்று ஓரிடத்தில் எழுதினால் இலக்கணமும் கெடாது, தேடுவோரும் நம்மைக் கண்டடைவர். திருத்தமாக எழுதுதலும் திசைச்சொல்லை மதித்தலும் தம்முள் முரண்பட்டவை அல்ல.

பெயர் அறியாதோர் தேடும் வழி

தேடுசொல் ஆய்வில் நான் மிக முதன்மையாகக் கருதுவது இதுவே. 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பெற்ற மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் சேலம், நாமக்கல் வயல்களிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. இப்பூச்சியை அழிக்கவல்ல ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பெற்று, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பெற்றது.

இச்செய்தியை நாம் எழுதப் புகுந்தால் ‘மரவள்ளி மாவுப்பூச்சி மேலாண்மை’ என்று தலைப்பிடுவோம். நோயை முதன்முதல் காணும் உழவர்க்கு அப்பெயர் தெரியாது. அவர் கண்டது, செடியின் நுனி சுருங்கி இலைகள் கொத்தாகக் குவிந்து நிற்பது ஒன்றே. ‘குச்சிக்கிழங்குச் செடி உச்சி சுருங்குது ஏன்’ என்றுதான் அவர் கேட்பார். அவரது வினாவிற்கும் அறிவியலாளரின் விடைக்கும் இடையே ஒரு சொல்லின் தொலைவு உள்ளது. அத்தொலைவில் ஓர் ஆண்டின் விளைச்சல் அழியக்கூடும்.

அவ்விடைவெளியை இணைப்பவன் யார்? இரு வழக்கும் அறிந்தவன். மக்கள் சொல்லையும் நூற்சொல்லையும் ஒரு பக்கத்தில் சேர்த்து வைக்கக்கூடியவன். உரையாசிரியர் பாடலுக்கும் படிப்பவனுக்கும் இடையே நின்றதைப் போல, தமிழ் மாணவர் இங்கே நிற்கலாம். தேடுசொல் உத்தி என்பது வருவாய் வழி மட்டுமன்று, வாழ்வோடு இயைந்த பணியும் ஆகும் என்பதற்கு இது சான்று.

எல்லாச் சொல்லும் நமக்குரியவை அல்ல

நாமக்கல்லின் பெயரைக் கேட்டவுடன் முட்டை நினைவிற்கு வரும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தோன்றியது. அது அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையைத் தமிழகமே எதிர்நோக்கும். எனவே ‘இன்றைய முட்டை விலை’ என்பது மிகுதியாகத் தேடப்படும் தொடர். இதனைக் கண்டு புதிய பதிவர் மயங்குவர். ஆனால் அத்தேடலுக்கு விடை ஓர் எண் மட்டுமே. நாளிதழ்களும் விலைப்பட்டியல் தளங்களும் அங்கே முன்வரிசையில் நிற்கின்றன. எண்ணைக் கண்டவர் உடனே சென்றுவிடுவார். ஆழம் குறைந்த நீரில் கூட்டம் மிகுதி.

மாறாக, ‘கோடையில் முட்டைக்கோழி இறப்பைக் குறைப்பது எப்படி’, ‘நூறு நாட்டுக்கோழி வளர்க்கக் கொட்டகை அளவு’ போன்ற நீண்ட தொடர்களைத் தேடுவோர் சிலரே. ஆயின் அவர்க்கு விடை தருவோரும் சிலரே. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. பண்ணையாளர் பலர் நம் உறவினராகவே உள்ளனர். கேட்டு எழுத இத்துணை வாய்ப்புள்ள ஊர் வேறு எது? குறுஞ்சொல்லில் பெருங்கூட்டத்தோடு மோதுவதினும், நெடுந்தொடரில் உண்மையான தேவையுடைய சிலரை அடைவதே சிறிய எழுத்தாளர்க்கு ஏற்ற வழி.

பக்கத்தை அமைக்கும் முறை

ஒரு பக்கத்திற்கு ஒரு மையப்பொருளே இருத்தல் வேண்டும். தலைப்பில் தேடுசொல் முற்பகுதியிலேயே வருதல் நன்று. நீண்ட தலைப்பைத் தேடுபொறி வெட்டிக் காட்டும். முதற் பத்தியிலேயே வினாவிற்கு நேர்விடை தருதல் வேண்டும். விரிவானவற்றை உட்தலைப்புகளால் பகுத்துக் கூறலாம். படங்களுக்கு விளக்கச் சொற்கள் எழுதுதல் பார்வையற்றோர்க்கும் பயன்படும், தேடுபொறிக்கும் பயன்படும். தொடர்புடைய தம் பிற பக்கங்களுக்கு இணைப்புத் தருதல் வேண்டும்.

தமிழ்ப் பதிவர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிளாக்கரில் தமிழில் தலைப்பிட்டால், பக்கத்தின் முகவரி தமிழ்ச்சொல்லை விடுத்து ‘பிளாக்-போஸ்ட்’ என்பது போன்ற பொதுப்பெயராக அமைந்துவிடும். வெளியிடுமுன் முகவரியை நாமே உரோமன் எழுத்தில் பொருளுடையதாக அமைத்தல் நலம்.

தேடுசொல்லை மீண்டும் மீண்டும் திணித்தல் பழங்கால உத்தி. இன்று அது தண்டனைக்குரியது. பக்கத்தின் மறைகுறிப்பில் சொற்களை அடுக்கும் முறையைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதனைக் கட்டணம் பெற்றுக் கற்பிப்போர் உளர் என்பது வியப்பிற்குரியது. கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி, எச்சொல்லைத் தேடியவர்க்கு நம் பக்கம் காட்டப்பெற்றது, எத்தனைபேர் உள்ளே வந்தனர் என்பதைத் தெரிவிக்கும். நம் ஊகத்தைவிட அது நம்பத்தக்கது.

வருவாய்க் கணக்கு

இனி மாணவர் பெரிதும் எதிர்நோக்கும் பகுதிக்கு வருவோம். விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு பக்க உரிமையாளர்க்குச் சேருகின்றது. கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்த பின்னரே தொகை வங்கிக்கு அனுப்பப்பெறும். பதினெட்டு வயது நிரம்பாதோர் தம் பெயரில் கணக்குத் தொடங்க இயலாது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் காண்போம். இதில் வரும் எண்கள் கற்பனையே. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் 45 ரூபாய் கிடைப்பதாகவும், நூறு டாலர் 9000 ரூபாய்க்குச் சமம் எனவும் கொள்வோம். அத்தொகையை எட்ட 2,00,000 பார்வைகள் வேண்டும். ஒரு கட்டுரையை நாளொன்றுக்கு இருபதுபேர் படிப்பதாயின், நூறு கட்டுரைகளுக்கு 2000 பார்வைகள். அந்நிலையில் நூறு நாட்களில் முதல் தொகை கைக்கு வரும். ஆனால் அந்நூறு கட்டுரைகளை எழுதி, அவை நிலைபெறுவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ‘மாதம் அரை இலட்சம்’ என்று சுவரொட்டியில் அச்சிடுவோர் இக்கணக்கைக் காட்டுவதில்லை.

நான் பயிற்றுவித்த மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் ஒரு பயிற்சி மையத்தில் கட்டணம் செலுத்திச் சான்றிதழும் பெற்றுவந்தார். அயல்நாட்டுக் காப்பீடு, வங்கிக் கடன் ஆகியவை பற்றி அறுபது பக்கங்கள் எழுதியிருந்தார். அச்சொற்களுக்கு விளம்பர விலை மிகுதி என்று அங்கே கற்பித்தனராம். அனைத்தும் பிறர் பக்கங்களைத் தழுவியவை. விளம்பரத்திற்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பெற்றார். செலுத்திய கட்டணம் தந்தையின் கடன் என்பதைக் கூறும்பொழுது அவர் குரல் தழுதழுத்தது.

“அப்பா என்ன தொழில் செய்கிறார்?” என்று கேட்டேன்.

“போர்வண்டியில வேலைங்கய்யா. நானும் லீவுல கூடப் போயிருக்கேனுங்க.”

“அதைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினீரா?”

“அதையெல்லாம் யாருங்கய்யா படிப்பாங்க?” என்றார்.

திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் நிலத்தைத் துளைக்கின்றன. அடிக்கணக்கு எங்ஙனம் போடுவர், ஆழம் கூடக்கூட விலை ஏன் கூடுகின்றது, கேசிங் பைப் எத்தனை அடி இறக்க வேண்டும், தண்ணீர் வாராவிடில் கூலி உண்டா, பயனற்ற குழியை ஏன் மூட வேண்டும் என்பனவற்றை அவர் கண்டறிந்தவர். பழைய பக்கங்களை நீக்கிவிட்டு இவற்றை எழுதத் தொடங்கினார். விளம்பரத்தின் முதல் தொகை வர ஓராண்டுக்கு மேலாயிற்று, அது பெரிதுமன்று. ஆனால் பக்கத்தைப் படித்த வண்டி உரிமையாளர் சிலர், தத்தம் தொழிலுக்கும் பக்கம் எழுதித்தருமாறு கேட்டனர். விளம்பரம் தந்ததைவிட அவ்வேலை தந்ததே மிகுதி. தந்தையின் கடனும் மெல்லத் தீர்ந்தது.

விலக்கத்தக்கவை

பிறர் எழுத்தைத் திருடுதல், தலைப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக எழுதி ஏமாற்றுதல், தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குதல், நண்பரைச் சொடுக்கச் செய்தல் ஆகியன கணக்கையே இழக்கச் செய்யும். இவற்றை விதிக்கு அஞ்சி மட்டும் விலக்குதல் போதாது. மருத்துவம், கடன் போன்றவற்றில் அரைகுறை அறிவோடு எழுதிய ஒரு வரி, அறியாத ஒருவரின் உடலையோ உடைமையையோ கெடுக்கும். நம் சொல்லை நம்பித் தொலைவிலிருந்து வருபவர் நம் வீட்டு விருந்தினர்க்கு ஒப்பானவர். விருந்தினரை ஏமாற்றி ஈட்டும் பொருள் வீட்டிற்கு ஆகாது.

இன்றைய மாற்றம்

2024 முதல் இந்தியாவில் கூகுள் தேடலின் தலைப்பகுதியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை பல வினாக்களுக்குத் தோன்றுகின்றது. விடை அங்கேயே கிடைப்பதால் பக்கத்திற்குள் வருவோர் குறைவர் என்னும் அச்சம் பதிவரிடையே உள்ளது, அது காரணமற்றதன்று. எங்கும் கிடைக்கும் செய்தியைத் திரும்ப எழுதுவோர்க்கு இனி இடமில்லை. 2022 இறுதியில் கூகுள் தன் தர மதிப்பீட்டு நெறிகளில் ‘பட்டறிவு’ என்பதனையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. வயலில் நின்றவர், வண்டியில் சென்றவர், தறியில் அமர்ந்தவர் கூறுவதை எழுதுவோர்க்கே எதிர்காலம் உண்டு. எந்திரம் தொகுப்பதற்கும் எவரேனும் ஒருவர் முதலில் தமிழில் எழுதியிருத்தல் வேண்டுமன்றோ?

பயிற்சி

மாணவர் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. உங்கள் குடும்பத் தொழிலில் வழங்கும் இருபது சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் நூல்வழக்கு, வட்டார வழக்கு, பிறமொழி வழக்கு ஆகியவற்றை எழுதுக.

2. அவற்றுள் ஒரு சொல்லைத் தேடற்பெட்டியில் இட்டு, தேடுபொறி தானே காட்டும் தொடர்களைக் குறித்துக்கொள்க.

3. அத்தொழிலில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், புதியோர் மிகுதியாகக் கேட்கும் ஐந்து வினாக்களைக் கேட்டு, அவர் கூறியவாறே எழுதுக.

4. ஒரு வினாவிற்கு விடையை முதலில் மூன்று வரியிலும், பின்னர் இரண்டு பக்கத்திலும் எழுதுக.

5. எழுதியதை அம்மூத்தவரிடமே படித்துக் காட்டித் திருத்துக.

முடிவுரை

தேடுசொல் உத்தி என்பது எந்திரத்தை ஏமாற்றும் கலையன்று. கேட்பவன் எச்சொல்லால் கேட்கின்றான் என்று அறிந்து, அச்சொல்லிலேயே அவனை எதிர்கொண்டு, அவன் தேவையை நிறைவு செய்வதே அதன் சாரம். அதனால் கிட்டும் வருவாய் மெல்ல வரும். பலர்க்குத் துணை வருவாயாகவே அமையும். ஒரு தொழிலை விட்டுவிட்டு இதனை நம்பி இறங்குதல் அறிவுடைமையன்று. ஆயினும் சொல்லாராய்ச்சி, இலக்கணத் தெளிவு, வட்டார வழக்கறிவு ஆகிய மூன்றும் உடைய தமிழ் மாணவர்க்கு இத்துறையில் பிறர்க்கில்லாத முதல் உண்டு. அம்முதல் வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் ஏற்கெனவே ஈட்டப்பட்டது. மரவள்ளி வயலில் நின்று கைப்பேசியில் தம் ஐயத்தைத் தமிழில் எழுதும் உழவர்க்குத் தமிழிலேயே நல்விடை கிட்டுமாறு செய்வோமாயின், தமிழ் பயின்றால் வழி உண்டா என்னும் வினாவிற்கு நாமும் ஒரு விடை கூறியவர் ஆவோம்.